முன்னறைக்கு எந்தக் கட்டம்?

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் நம் மகளும் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? போனில் பேசினால் "சரி, பாத்துக்கலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். நான் சொல்ல வேண்டியது அந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்காது. அதனால்தான் தையலை ஒதுக்கிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

போன புயலில் கடல் நம் தெருவுக்குள் வந்ததல்லவா, அதில் யாருக்கு என்னென்ன போனது என்று நாமே எடுத்துச் சொல்ல உதவுவதற்காக ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். வந்த முதல் நாளே வேடிக்கை. வீடு வீடாகப் போய், "எத்தனை நாள் தண்ணி வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறாள். நம் தெருவில் தண்ணீர் வருவதென்றால் குழாயில் வருவதுதானே? எல்லாரும் "வாரத்துக்கு ரெண்டு நாள்" என்று சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா ஒருபடி மேலே போய், "அதுவும் மோட்டார் போட்டாத்தான் மாடிக்கு ஏறுது" என்று குறைப்பட்டிருக்கிறார். வெள்ளத்தை மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றும் தெருவை அந்தப் பெண் எங்கே கண்டாள்? எல்லாவற்றையும் அப்படியே எழுதிவைத்திருந்தாள். நான் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்ததற்குத் தண்டனையாக அவளோடு சுற்றும் வேலை என் தலையில் விழுந்தது. கழுத்தில் அளவு டேப் வேறு தொங்குகிறதே, சுவரை அளக்க ஆள் கிடைத்தாயிற்று.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். சரிசெய்ய முடிந்தது 'சேதம்'. இனி திரும்பாதது 'இழப்பு'. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. முடிதிருத்துபவர் தன் கடைக் கண்ணாடியைக் காட்டினார். கீழ்ப்பாதியில் ரசம் போய்விட்டது. "உக்காந்தா நெத்தி தெரியுது, தாடி தெரியல. இது எந்தக் கட்டம்மா?" என்று கேட்டார். எதிர்வீட்டு அக்காவோ, மேகம் கறுத்தாலே பாத்திரங்களைப் பரண்மேல் ஏற்றுகிறாராம். "என் நிம்மதிய எதுல எழுதுவீங்க?" என்றார். அந்தப் பெண் சிரிக்கவே இல்லை. இழப்பில் எழுதினாள். அதற்கும் படிவத்தில் இடம் உண்டாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதன்பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் கேள்விதான். வெள்ளம் நம் முன்னறையில் முழங்கால் வரைதான் நின்றது. வடிந்து ஐந்து மாதமாகிறது. ஆனால் சுவரில் பூத்திருக்கும் உப்பு இடுப்புக்கு மேலே நிற்கிறது! இல்லாத தண்ணீர் எப்படி ஏறும் என்று எனக்குத் தலை வெடித்தது. வாராவாரம் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். மூன்று வாரத்தில் இரண்டு விரற்கடை ஏறியிருக்கிறது. கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். நிலத்தடி நீரே உப்பாகிவிட்டது, அதைத்தான் சுவர் உறிஞ்சுகிறது என்றார். "பூசச் சொன்னா பூசுறேன். மூணு மாசத்துல உதிரும், அப்ப என்னைத் திட்டக்கூடாது" என்றார். நீங்கள் பழுது பார்க்க வாங்கிவைத்து விட்டுப்போன இரண்டு மின்விசிறிகளும் அந்த அறையிலேயே துருப்பிடித்துக் கிடக்கின்றன.

உங்களிடம் நான் ஒன்றை மறைத்துவிட்டேன். சுவர் கொஞ்சம் நனைந்திருக்கிறது, வெள்ளையடித்தால் போதும் என்று சொன்னேன். அந்த முன்னறையில் ரிப்பேர் கடை போடத்தானே இத்தனை வருடம் வெளிநாட்டில் கிடக்கிறீர்கள்? பெயர்ப்பலகைக்கு என்ன நிறம் என்றுகூட மகளிடம் கேட்டீர்களே. எனக்கு மனசு வரவில்லை.

தெரு முழுக்க எழுதியாயிற்று. பாக்கி நம் வீடு மட்டும்தான். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். முன்னறையைச் 'சேதம்' என்று எழுதினால் அந்த நிறுவனத்தார் பூசிக்கொடுப்பார்கள். நீங்களும் வந்துவிடுவீர்கள். ஆனால் அது பொய். மற்றவர்களிடமெல்லாம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு நான் பொய் எழுத முடியாது. 'இழப்பு' என்று எழுதினால், கடைதான் இல்லையே என்று இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு நீங்கள் தலையாட்டிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. மாதக் கடைசியில் கம்பெனியில் கேட்பார்கள் என்றீர்களே.

மாடியில் தையல் மெஷினை ஜன்னல் பக்கம் தள்ளிப் பார்த்தேன். உங்கள் மேசைக்கு நாலடி கிடைக்கிறது. இஸ்திரிப் பெட்டியும் மின்விசிறியும் பழுது பார்க்க அது போதாதா? படியேறி வருகிறவர்கள் வரட்டும். யாருமே வராவிட்டாலும் நீங்கள் இருப்பீர்கள்.

மகளுக்கு உங்கள் செருப்பு இப்போது சரியாக இருக்கிறது. அவ்வளவு வளர்ந்துவிட்டாள்.

நான் இங்கே 'இழப்பு' என்றே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் அங்கே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி