நாற்காலிக்கு அடியில் இருந்த பாட்டு

அன்பு நண்பரே,

காலையில் ஒரு நோட்டீஸ் வந்தது. அச்சு மை காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. ஊர்ச் சங்கத்தார் உமக்கு இரங்கல் கூட்டம் நடத்துகிறார்களாம். ‘தாம் அமைத்த இசைக்கருவி ஒலிக்காமற் போனதால் மனமுடைந்தவர்’ என்று உம்மைப் பற்றி அச்சடித்திருக்கிறார்கள். ஒலிக்காமற் போனதா? சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் கை கழுவிவிட்டேன்.

ஆர்மோனியப் பெட்டி பழுதுபார்க்கிற உமக்கு, யுத்தம் முடிந்த வருஷம் இந்தக் கிறுக்குப் பிடித்தது. துறைமுகத்துப் பக்கம், ஒருகாலத்தில் உப்பு மூட்டை அடுக்கி இப்போது சும்மா கிடந்த கிட்டங்கியைச் சங்கத்தாரிடம் கேட்டு வாங்கினீர். தரை முழுக்கப் பலகைகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் சுருள்கம்பி. அதிலிருந்து உத்தரத்துக்கு ஒரு கயிறு. கயிறுகளில் சங்குகள், சோடாப் பாட்டில்கள், கப்பலில் கழித்த பித்தளைத் துண்டுகள். பலகையை மிதித்தால் ஒருமுறை ஒலிக்கும், காலை எடுத்தால் மறுமுறை. அசையாமல் நின்றால் மௌனம்.

“இதுக்கு வித்துவான் யாருவே?” என்று கேட்டேன்.

“வருதவங்க எல்லாரும்தான். நூறு பேரு அவங்கவங்க நடையில நடக்கணும். அத ஒரு தடவ கேட்டாப் போதும் எனக்கு” என்றீர்.

சங்குகளெல்லாம் பூச்சி அரித்தவை, வியாபாரிகள் கழித்துப் போட்டவை. சங்கு குளிக்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் கூடை கூடையாகச் சுமந்து வந்தார்கள். “தொறக்குத அன்னைக்கு எங்களையும் நடக்க விடணும், பாத்துக்கிடுங்க” என்று அவர்களில் மூத்தவளான அந்தோணியம்மாள் உம்மிடம் வாக்கு வாங்கியிருந்தாள்.

திறப்பு நாள் சாயங்காலம் நாம் போய்ச் சேர்வதற்குள் சங்கத்து ஆட்கள் அந்தப் பலகைகளின்மேலேயே வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள்! சபை என்றால் நாற்காலி. அதற்குமேல் அவர்களுக்கு யோசனை ஓடாது. பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாரம் ஏறியதும் கிட்டங்கியே கலகலத்தது. “யாருலே அங்கன சாமான உருட்டுதது?” என்று சங்கத்துக் காரியதரிசி அதட்டினார். அப்புறம் மௌனம். கால்மேல் கால் போட்டுக்கொண்டு கச்சேரிக்குக் காத்திருந்தார்கள். ஊஞ்சலைத் தூணோடு பிணைத்துவிட்டு, ஆடவில்லையே என்று தச்சனை முறைப்பார்களா?

“அண்ணாச்சி, நீங்க எல்லாரும் எந்திச்சு நடந்தாத்தான் பாட்டு” என்றீர்.

“நாங்க நடந்து காட்டணும், நீரு வேடிக்கை பாப்பீரோ? என்னையக் கூத்தாடின்னு நெனச்சீராவே?”

காரியதரிசி விருட்டென்று எழுந்தார். அவரோடு சபையே எழுந்தது. அப்போது பாடியது ஐயா அது! கோபத்தில் வைத்த ஒவ்வொரு அடிக்கும் பாட்டிலும் பித்தளையும் சங்கும் மாறி மாறிப் பதில் சொல்லின. உம்மைத் திட்டிக்கொண்டே போனவர்களில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. இவர்கள் எழுதுகிறார்கள், ஒலிக்கவில்லை என்று!

நீர் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர். “இது பாதிதான்வே. வெளிய நிக்கவங்க நடக்கட்டும், அப்பக் கேளும்” என்றீர்.

வெளியே கயிறு கட்டி மறித்திருந்தார்கள். அதற்கு அந்தப்புறம் முப்பது பெண்கள், காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுத் தயாராக நின்றார்கள். காரியதரிசி என் கையில் சாவியைத் திணித்தார். “பூட்டும் சார்வாள். கண்டவங்களும் உள்ள வரப்பிடாது.” நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் காரியதரிசி.

பூட்டினேன். மறுநாள் சங்கத்தார் உள்ளே தொங்கிய கயிறுகளையெல்லாம் அறுத்துப் போட்டார்கள்.

அவர்கள்மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன். ஆனால் பூட்டிய கை அவர்களுடையதல்ல. நீர் சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று வாசலிலேயே கேட்டவள் அந்தோணியம்மாள்தான்.

“நாங்க நடந்தாப் பலக தேஞ்சா போவும், சார்வாள்?”

அவளைத் தாண்டி நடந்தேன். ஓய்வு பெற்று, எந்தக் காரியதரிசிக்கும் பயப்பட வேண்டாத இன்றும், தெருவில் அவள் எதிரே வந்தால் நான்தான் அடுத்த சந்தில் திரும்புகிறேன்.