புளுகு என்று நினைத்தீர்களே, அத்தான்

என் அருமை அத்தானுக்கு,

நீங்கள் 'புளுகி' என்று கூப்பிட்ட மச்சாள் எழுதுகிறேன். அக்கா சுகமாக இருக்கிறாள் என்று தொடங்க ஆசைதான். அது புளுகு. சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள், திரும்பி வருகிறாள். உங்கள் கதிரையில் யாரையும் இருக்க விடுவதில்லை. பேப்பர் எடுப்பதையும் நிறுத்திவிட்டாள். அந்தத் துணிவில்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது சொன்னதைக் கேட்டிருந்தால் நான் ஏன் இப்போது திட்டப்போகிறேன்?

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் கேபிள் வந்ததோடு உங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. ஊரில் முந்நூற்றுநாலு என்று சீட்டு ஆடிய மனிதருக்குத் தொலைக்காட்சியில் போக்கர் கிடைத்துவிட்டது. ஆளுக்கு இரண்டு சீட்டை மறைத்து வைத்துக்கொண்டு, பணயத்தை ஏற்றி ஏற்றி மற்றவனை மிரட்டுகிற ஆட்டம். நல்ல சீட்டு உள்ளவனும் மிரட்டுவான், ஒன்றும் இல்லாதவனும் மிரட்டுவான். பயந்தால் சீட்டைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கலாம். பயப்படாவிட்டால் அவன் வைத்த அளவுக்கு நீங்களும் வைத்து, "காட்டு" என்று கேட்கலாம். 'பிளஃப்' என்ற சொல்லே எங்கள் புளுகிலிருந்து வெள்ளைக்காரன் களவெடுத்தது என்று நீங்கள் சாதித்ததை நான் மறக்கவில்லை.

அந்த ஆட்டக்காரர்களில் ஒரு பழைய தொப்பிக்காரன் உங்களுக்கு உயிர். சொந்தத் தம்பி சோதனை எழுதுவது போல அவன் ஆடும்போது கதிரை நுனியில் இருப்பீர்கள். யாரிடம் என்ன சீட்டு என்று திரையின் மூலையில் காட்டிவிடுவார்கள். அது உங்களுக்குப் பிடிக்காது. கலண்டர் மட்டையை வெட்டி அந்த மூலையை மறைத்து ஒட்டினீர்கள். முகத்தைப் பார்த்தே சீட்டைச் சொல்லவேண்டும். ஆட்டம் முடிந்ததும் மட்டையைத் தூக்கிச் சரிபார்க்கவேண்டும்.

"புளுகி, அவன்ரை வாயைப் பார். கையிலை சாமான் இருக்கிறவன் இவ்வளவு கதைக்கமாட்டான்."

"அப்ப உங்கடை வாய் ஏன் ஓயிறேல்லை?"

"என்ரை கையிலை உன்ரை அக்கா மட்டும்தானே. அதுதான் கதைக்கிறன்."

அக்கா குசினிக்குள் இருந்து அகப்பையோடு வருவாள். நாங்கள் மூவரும் சிரிப்போம். பெரும்பாலும் நீங்கள் சொன்னதுதான் சரியாக இருக்கும். அதுதான் எங்களுக்குப் பிடித்த சனியன்.

ஒருநாள் இரவு விளம்பர இடைவேளையில் காற்று வாங்கப் பல்கனிக்குப் போனீர்கள். கீழ்வீட்டு டியூசன் மாஸ்டரை இழுத்துவந்து, நம்பர் தகடு இல்லாத வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வானின் நிறத்தை நான் எழுதமாட்டேன். உங்களைப் போல எனக்கு நெஞ்சுரம் இல்லை. நீங்கள் மட்டும் ஏற்றியவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டீர்கள். விடிந்ததும் போய் மாஸ்டரின் மனைவியிடம், "தங்கச்சி, நான் முகம் மறக்கிற ஆள் இல்லை. விசாரணைக்கு வந்து சொல்லுறன்" என்று வாக்குக் கொடுத்தீர்கள்.

அந்தப் பெண்ணின் கண்ணீருக்காகவா, இல்லை தொப்பிக்காரனுக்கு நிகராக நிற்கவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிறகு தொலைபேசி வந்தது. ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தீர்கள், நாங்களும் கேட்டோம். சாட்சி சொல்லப் போகவேண்டாம் என்றான் ஒருவன். அக்கா எந்தப் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள் என்று சரியாகச் சொன்னான். மாடிப்படியில் லைட் எரியாததைக்கூடச் சொன்னான். நீங்கள் வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"எவ்வளவு நேரம் கதைச்சவன் பாத்தியளே! கையிலை ஒண்டுமில்லை. சுத்தப் புளுகன்."

"ஏனப்பா உங்களுக்கு இந்த வேலை? வாயை மூடிக்கொண்டு இருங்கோவன்" என்று அக்கா அழுதாள்.

"தொப்பிக்காரன் எண்டால் இப்ப என்ன செய்வான்? காட்டு எண்டு கேப்பான்."

"தோத்தால் அவனுக்குக் காசு போகும், அத்தான். உங்களுக்கு?" என்றேன். நீங்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினீர்கள்.

புளுகன் என்றால் எங்கள் ஊரில் வெறும் வாய்வீச்சுக்காரன். சிரித்துவிட்டுப் போகலாம், அவனால் ஒருவருக்கும் கேடு வந்ததில்லை. பிளஃப் அப்படியா? அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதானே அந்த ஆட்டமே! இரண்டும் ஒரே சொல் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

அந்தக் கிழமையே, பாண் வாங்கப் போன நீங்கள் திரும்பி வரவில்லை.

பிணவறைக்குள் வர அக்காவால் முடியவில்லை. நான் போனேன். "நங்கி, எயாத?" தங்கச்சி, இவர்தானா என்று அங்கிருந்தவன் சிங்களத்தில் கேட்டான். "ஒவ்", ஓம் என்றேன். கறியில் உப்புக் கூடினாலே காட்டிக்கொடுக்கிற முகம் உங்களுடையது. அன்றைக்கு அதில் ஒன்றுமே இல்லை. இந்த முகத்தோடு ஆடியிருந்தால் தொப்பிக்காரனையே வென்றிருப்பீர்கள் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிணவறைக்காரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பொரளையில் உங்களை எரித்த சாம்பல் ஆற முதல் மாஸ்டர் வீடு திரும்பினார். விசாரணையில் என்ன சொன்னார் தெரியுமா? தன்னை ஒருவரும் பிடிக்கவில்லையாம். மனைவியோடு கோபித்துக்கொண்டு கண்டிக்குப் போயிருந்தாராம். இப்போது குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறார். போவதற்கு முதல் மேலே வந்து உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். அதன் கைப்பிடியைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார். அவர் சீட்டைக் கீழே போட்டார், இருக்கிறார். அவரை விட்டது உங்களை எடுத்ததாலா? யாரிடம் போய்க் கேட்பேன்?

இனி, நான் எழுத வந்த விசயம். அந்தப் பழைய ஆட்டங்களைத் திரும்பவும் போடுகிறார்கள். நீங்கள் பார்க்கக் கொடுத்துவைக்காத பகுதி போன கிழமை வந்தது. அதே தொப்பிக்காரன். எதிரே, 'அவன்ரை வாயைப் பார்' என்று நீங்கள் காட்டிய அதே வாயாடி. நான் கலண்டர் மட்டையைக் கழற்றாமலே பார்த்தேன். வாயாடி கதைத்தான், சிரித்தான், இருந்த காசு எல்லாவற்றையும் பணயமாக நடுவில் தள்ளினான். 'புளுகன்! கேளடா, காட்டு எண்டு கேள்!' என்று நான் உங்கள் குரலில் கத்தினேன்.

தொப்பிக்காரன் அவனை நெடுநேரம் பார்த்தான். பிறகு சீட்டைக் கீழே போட்டுவிட்டான்.

மட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வாயாடியின் கையில் ஒன்றும் இல்லை. சுத்தப் புளுகு. தொப்பிக்காரன் கொஞ்சம் தண்ணீர் குடித்தான், தொப்பியைச் சரிசெய்தான், அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டினான். அவ்வளவுதான், அத்தான். உங்கள் ஆளும் பயப்படுவான். பயந்துவிட்டு அடுத்த ஆட்டம் ஆடுவான்.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். தொப்பிக்காரன் திரையில் இருக்கும்வரை அவள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்டாள்.

"தொப்பிக்காரன் என்ன செய்தவன்?"

"காட்டு எண்டு கேட்டவன், அக்கா."

"அத்தானும் அதைத்தான் சொன்னவர், என்ன?"

"ஓம்."

அவள் உங்கள் கதிரையில் இருந்தாள். நீங்கள் போனபின் முதல் தடவை.

அத்தான், இது சத்தியம். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாலும் இந்தச் சீட்டை நான் காட்டமாட்டேன்.

உங்கள் மச்சாள்,
புளுகி