உன் வெப்சைட்டில் இல்லாத படம்

அன்புக் குட்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ எடுத்த போட்டோக்களைப் போட்டு வைத்திருக்கிற உன் வெப்சைட் இப்போது வெகு லட்சணமாக இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு படம் திறப்பதற்குள் நான் காபி போட்டுக் குடித்துவிடுவேன். துணிக்கடையில் ஷோகேஸ் அலங்கரித்தே ஓய்வு பெற்றவன் ஆயிற்றே, வாய் சும்மா இருக்குமா, எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் திணித்தால் ஒன்றுமே கண்ணில் படாது, நல்லதாகப் பார்த்துக் கொஞ்சம் வை, கல்யாணப் படத்தோடு வீட்டுப் படத்தைக் கலக்காதே என்று போனில் உன்னைப் பிடுங்கி எடுத்தேன். நீயும் அப்படியே செய்துவிட்டாய். கீழே மருந்துக்கடைக்காரரிடம்கூடக் காட்டிப் பெருமையடித்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து தேடுகிறேன், சமையலறை ஜன்னலோரம் அம்மா நிற்கிற படத்தைக் காணோம். அவள் போன பிறகு தினமும் நான் உன் வெப்சைட்டைத் திறந்ததே அதற்காகத்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

உன்னிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது, போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தொடர்புக்கு என்று நீ வைத்திருக்கிற பெட்டியில், அம்மா படம் எங்கே போயிற்று என்று எழுதி அனுப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம் என்று. பெற்ற அப்பாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு நாள் உன் வெப்சைட்டையே திறக்கவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது தானாப் போற பதில், உங்க பொண்ணு இன்னும் பாத்திருக்கவே மாட்டாங்க" என்றார். பார்க்கவில்லை என்றால் நான் அனுப்பியதை அழித்துவிடு, எல்லாவற்றையும் இதிலேயே எழுதிவிட்டேன்.

படத்தைத் திரும்ப அங்கே வைக்காதே. வேலை கொடுக்க வருகிறவர்களுக்கு நம் வீட்டு ஜன்னல் எதற்கு? அந்த இடத்தில் உன் போன் நம்பரைப் பெரிதாகப் போடு, தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வந்தவர்கள் போய்விடுவார்கள். கை நிறைய வேலை வரட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. படத்தை எனக்குத் தனியாக அனுப்பிவிடு, மறந்துவிடாதே. அம்மாவின் வேறு படங்கள் வீட்டில் இல்லாமல் இல்லை, எல்லாவற்றிலும் விறைப்பாக நிற்கிறாள். இதில் மட்டும்தான் எதிரே கேமராவோடு நிற்கிற உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். இப்போது நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்துவிடுகிறேன்.

உன் அப்பா