உன்னைத் தோற்கடிக்க வேண்டிய தேர்தல்

இன்று காலை தபாலில் வாக்குச்சீட்டு வைத்த தேர்தல் உறை வந்தது. ஒன்றே ஒன்று. எப்போதும் நம் வீட்டுக்கு இரண்டு வரும். தபாற்பெட்டியைத் திறந்ததும் நீ உன்னுடையதை உருவிக்கொண்டு, "உங்கட உதுக்குள்ள கிடக்கு, எடுங்கோ" என்று படியேறிப் போய்விடுவாய். இன்று நான் பெட்டிக்குள் கையை விட்டு இன்னொரு தடவை துழாவிப் பார்த்தேன். செத்தவர்களின் பெயரை எடுப்பதில் இந்த ஊர் நகரசபை எவ்வளவு ஒழுங்கு!

உறையைக் குசினி மேசையில் வைத்துவிட்டு எதிரே பார்த்தால், உன் கதிரையில் உன் நீலக் குஷன் இருக்கிறது. ஆசனத்தை எவ்வளவு உயர்த்தினாலும் எட்டவில்லை என்று பஸ் ஓட்டும்போது போட்டு இருந்தாயே, பிறகு மாநிலப் பாராளுமன்றத்துக்கும் வெட்கமில்லாமல் தூக்கிக்கொண்டு போனாயே, அதே குஷன். இன்னும் உன் தைலம் மணக்கிறது. அந்த மணத்தில் கண் கலங்கியது என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதலில் வந்தது எரிச்சல். மனைவிக்கு மடல் எழுதும்போது ஏன் மழுப்ப வேண்டும்? பொறாமை வந்தது.

இந்தத் தொகுதியைப் பற்றி உன்னைவிட எனக்குத்தான் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவிய காலத்திலிருந்தே எனக்கு அரசியல் பைத்தியம். இந்த ஊருக்கு மாறி, ஆஸ்பத்திரிச் சமையல்காரனாகி, குடியுரிமையும் கிடைத்த பிறகு, லீவு நாளெல்லாம் நூலகத்தில் அகராதியோடு இருந்து படித்தேன். ஆற்றங்கரையில் நூல் ஆலை இருந்த கீழ்ப்பகுதி தொழிலாளர் கட்சிக்கு. மாடும் பாற்கட்டியுமாக இருந்த மேல்பள்ளத்தாக்கு விவசாயிகள் கட்சிக்கு. அப்பன் போட்ட கட்சிக்கே மகனும் போட்டான். ஆலையில் நூல் நூற்ற இத்தாலியருக்கு வாக்கே இல்லை. அவர்களின் பிள்ளைகள் குடியுரிமை எடுத்த பிறகுதான் கீழ்ப்பகுதியில் நம் கட்சிக்கு உயிர் வந்தது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமா என்று வாக்கெடுப்பில் கேட்டபோது மேல்பள்ளத்தாக்கு ஆண்கள் வேண்டவே வேண்டாம் என்றார்கள். பிறகு ஆலையை மூடினார்கள், அந்த ஆலைக் குடியிருப்பில் நம் ஆட்கள் வந்து குடியேறினோம். இதெல்லாம் நான் படித்தது. நீ ஒரு பக்கம் படித்தாயா? மேலுக்கும் கீழுக்கும் நடுவே மஞ்சள் பஸ் ஓட்டினாய், அவ்வளவுதான்.

வேட்பாளராக நிற்கச் சொல்லித் தொழிலாளர் கட்சிக்காரர்கள் தேடி வந்தது என்னை. தமிழ்ச் சங்கத்தின் தலைவர் நான். பட்டியலில் பெண்கள் போதாது என்று அவர்கள் இழுத்தபோது, உன் பெயரைச் சொன்னவனும் நான். அப்போது நீ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய்.

"எனக்கென்னத்துக்கப்பா உது? எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை."

"பேருக்குத்தான். ஒருதரும் உனக்குப் போடமாட்டினம், பயப்பிடாதை."

"அப்ப சரி" என்றாய்.

சங்க மண்டபத்தில் கரும்பலகை வைத்துச் சனங்களுக்கு நான் வகுப்பெடுத்ததை நீ கடைசி வரிசையிலிருந்து பார்த்தாய். அச்சடித்த பட்டியலில் பிடிக்காத பெயரை வெட்டலாம். மற்றக் கட்சி ஆளின் பெயரைக் கையால் எழுதலாம். ஒரே ஆளின் பெயரை இரண்டு தரமும் எழுதலாம். வெறுமையாக விட்ட வரி கட்சிக்குப் போய்ச் சேரும். எல்லாம் விளங்கப்படுத்திவிட்டு, "தமிழ்ப் பேரை ரெண்டு தரம் எழுதுங்கோ" என்று முடித்தேன். கைதட்டினார்கள். பட்டியலில் தமிழ்ப் பெயர் இரண்டு இருக்கிறதே என்ற யோசனை எனக்கு எழவேயில்லை.

மேல்பள்ளத்தாக்குக்கும் விடாமல் போனேன். உன் பஸ்ஸில்தான். "டிக்கெட் எடுத்தனீங்களோ?" என்று கட்டின புருஷனிடம் கேட்டவள் நீ. வீடு வீடாக ஏறி, அவர்களின் பாட்டன்மார் எந்தத் தேர்தலில் யாரை அனுப்பினார்கள் என்று அவர்களுக்கே சொன்னேன். ஆப்பிள் சாறு ஊற்றித் தந்து, தலையை ஆட்டிக் கேட்டார்கள். வாசலில் வழியனுப்பும்போது எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பஸ் ஓட்டுகிற அந்தச் சின்ன அம்மா உங்கள் மனைவியா?

முடிவு வந்த ஞாயிறு பின்னேரம் மகள் போனைப் பார்த்து, "அம்மா வெண்டிட்டா!" என்று குதித்தாள். பிறகு குரலைக் குறைத்து, "அப்பா, எங்கட பட்டியல்ல நீங்கள் அவவுக்கு அடுத்தது. அம்மா இடையில கதிரையை விட்டால் அது உங்களுக்குத்தான்" என்றாள். நான் உனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, வெறும் போத்தல்களைப் பையில் அள்ளிக்கொண்டு கீழே இறங்கினேன். தெருவில் வெறும் போத்தல் போடுகிற தொட்டிக்குள் ஒவ்வொன்றாக எறிந்து உடைக்க வேண்டும்போல் இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் போனபிறகுதான், ஞாயிற்றுக்கிழமையில் சத்தம் போடக் கூடாது என்ற பலகை கண்ணில் பட்டது. இந்த நாட்டில் ஒரு மனிதன் நினைத்த நேரத்தில் கோபப்படவும் முடியாது. போத்தல்களோடு திரும்பி வந்தேன். நீ தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாய்.

எந்தக் கட்சிச் சீட்டிலிருந்து யாருக்கு எத்தனை வாக்கு வந்தது என்ற அட்டவணை பிறகு பத்திரிகையில் வந்தது. அடிமட்டத்தை வரி வரியாக வைத்துப் பார்த்தேன். விவசாயிகள் கட்சிச் சீட்டுகளில், அவர்களின் ஆட்களை வெட்டிவிட்டு, உன் நீளமான பெயரைக் கையால் எழுதியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறார்கள்! நான் படித்த வரலாற்றில் அந்த மேட்டிலிருந்து நம் பட்டியலுக்கு அப்படி வாக்கு இறங்கி வந்ததே இல்லை. அது வரலாறு என்று கண்டுபிடித்தவனும் நான்தான். அதை உன்னிடம் சொன்னபோது, "அப்பிடியோ?" என்றுவிட்டு விசில் அடித்த குக்கரைப் பார்க்கப் போனாய்.

நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். நீ கூட்டம் முடிந்து வந்து சபைக் கதை சொல்லத் தொடங்கினால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன். ஒருநாள் நீ அதை அணைத்துவிட்டு முன்னால் வந்து நின்றாய்.

"நான் விடுறன். நீங்கள் போங்கோ. அடுத்த ஆள் நீங்கள்தானே."

"எனக்குப் பிச்சை போடுறியோ?"

உனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். சிரித்தாய். "அப்ப வாற முறை என்னைத் தோக்கடிச்சுப்போட்டு எடுங்கோவன்."

"எடுக்கிறன் பார்."

அந்த நாளிலிருந்து நம் வீடு திரும்பக் கலகலப்பானது. நீ சபையில் கேட்ட கேள்வியை இரவுச் சாப்பாட்டில் நான் குறுக்கு விசாரணை செய்தேன். உன் பஸ் நேரசூசியைப் பற்றியே நான் கட்சிக் கூட்டத்தில் குறை சொன்னேன். "மேல எனக்குத்தான் போடுவினம்" என்று நீ சீண்டினால், "கீழ எனக்கு" என்று நான் மல்லுக்கு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஆசையோடு எதற்கும் காத்திருந்ததில்லை. பிறகு போன மாரியில் உன் இரத்தத்தில் அந்த நோயைக் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் நான் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது நீ சொன்னதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

"பாத்தியளே? தோக்கடிக்காமலே கிடைக்கப் போகுது உங்களுக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உன் காலை உதறிவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும். போக முடியவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தேன்.

உன் செத்தவீட்டுக்கு மேல்பள்ளத்தாக்கு முழுக்க இறங்கி வந்தது. தடியூன்றிய ஒரு கிழவர் என் கையைப் பிடித்து, தான் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் நீ ஒரு நிமிடம் பஸ்ஸை நிறுத்தி வைப்பாய் என்றும், ஏறியதும் இன்னும் கொஞ்சம் வேளைக்குப் புறப்பட்டால் என்ன என்று ஏசுவாய் என்றும் சொன்னார். வாழ்நாளெல்லாம் தன் கட்சியை விட்டு அவர் விலகியது ஒரே ஒரு பெயருக்காகத்தானாம். நான் நன்றி சொன்னேன். சொல்லிக்கொண்டே, என் சாவுக்கு இத்தனை பேர் வருவார்களா என்று மண்டபத்தில் தலைகளைப் பார்த்தேன். நீ பெட்டிக்குள் கிடக்கும்போதும் என் புத்தி அங்கேதான் போனது.

அடுத்த ஆள் நான்தான், உன் இடத்தை ஏற்றுக்கொள்கிறேனா என்று மாநிலச் செயலகம் கேட்டது. பதில் எழுத மனம் வரவில்லை. வென்று எடுக்க இருந்ததை நீ கதவடியில் வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. "அம்மான்ர கதிரையை ஆருக்கோ குடுக்கப் போறியளோ?" என்று மகள் கேட்டாள். அதற்காகத்தான் செயலகத்துக்கு ஓம் என்று எழுதினேன்.

முதல் நாள் சபை ஊழியர் உன் குஷனைக் கொண்டுவந்து தந்தார். போட்டு இருந்தேன். நான் உயரம் அல்லவா, முழங்கால் மேசையில் இடித்தது. ஆனாலும் எடுக்கவில்லை. என் முதற் பேச்சில் தொகுதியின் வரலாற்றை ஆதியிலிருந்து சொன்னேன். முடிந்ததும் விவசாயிகள் கட்சிக்காரர் ஒருவர் என் தோளில் தட்டி, "உங்கள் மனைவி இதைவிடச் சுருக்கமாகப் பேசுவா" என்றார். அன்றைக்குக் குஷனை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது தேர்தல். இந்த முறை நான் வெல்லலாம் என்கிறார்கள். வென்றாலும் என்ன? உன் வாக்குத்தொகை அட்டவணையில் அப்படியே இருக்கிறது. எனக்கு வேண்டியது கதிரை அல்ல. அந்தத் தொகையைத் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டு வீட்டுக்கு வந்து உன் முகத்தைப் பார்க்க வேண்டும். அது நடக்காது என்று தெரிந்தும் நேற்றும் மேல்பள்ளத்தாக்குக்கு ஏறி இறங்கினேன், டிக்கெட் எடுத்துத்தான். மற்றவர்களுக்கு உன் நினைவு துக்கமாக இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்தப் போட்டிதான். இதை விட்டுவிட்டால் நீ உண்மையாகவே போய்விடுவாய் என்று பயமாக இருக்கிறது.

சென்ற முறை இதே மேசையில் எதிரும் புதிருமாக இருந்து எழுதினோம். நான் என் பெயரை இரண்டு தரம் எழுதினேன், உனக்குத் தெரியும். நீ மட்டும் இடது கையால் மறைத்துக்கொண்டாய். யாரை இரண்டு தரம் எழுதினாய் என்று எத்தனையோ நாள் கேட்டேன். "உது ரகசியம்" என்றுவிட்டாய்.

இந்த முறை கட்சிக்கு ஆள் குறைவு, பட்டியலில் கடைசி வரி வெறுமையாக இருக்கிறது. அதில் என் பெயரை இன்னொரு தரம் எழுதலாம். பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு உன் குஷனைப் பார்த்தபடி கனநேரம் இருந்தேன். நீ அன்றைக்கு உன் பெயரை எழுதாமல் என் பெயரை எழுதியிருந்தால்? எழுதியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

நீ உனக்குப் போடாத வாக்கை நான் மட்டும் எனக்குப் போடுவதா? வரியை வெறுமையாகவே விட்டு உறையை ஒட்டிவிட்டேன். உன்னை வெல்வதென்றால் அந்த ஒரு வாக்கு இல்லாமல்தான் வெல்வேன்.