நாக்கு நீட்டப் பயந்த ஐந்து ஞாயிறுகள்

சிலாவத்தை, முல்லைத்தீவு
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகள் டிலுசாவுக்கு,

ஆண்டவர் காவலில் அம்மாவும் நானும் நலம், அந்தக் குளிரில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க நாளும் செபிக்கிறோம். போன மாதம் தொலைபேசியில் "ஏனப்பா வாய்க்குள்ள ஏதோ வச்சுக் கதைக்கிறீங்கள்" என்று கேட்டாய், இனிப்புத் தொதல் தின்கிறேன் என்றேன். அது பொய். உண்மையை வரிசைப்படி எழுதுகிறேன், பயப்படாமல் வாசி. மாசி தொடக்கத்தில் பல்முரசு தடித்து முன்பற்களைப் பாதி மூடிவிட்டது. பிரஷ் பட்டால் இரத்தம் வந்தது, ஆகவே தீட்டுவதை விட்டு உப்புத்தண்ணீரால் கொப்பளித்தேன், அது என் மடமை. பிறகு நாக்கில் தயிர் பூசினாற்போல் வெள்ளை படர்ந்தது. ஆறு வருடங்களுக்கு முன் நீ தந்த சிறுநீரகத்தை நான் சரியாகப் பேணாமல் பழுதாக்கிவிட்டேனோ என்ற பயத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் பூசையில் குருவிடம் நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்டவேண்டுமே. கையில் வாங்கலாம்தான், எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. ஐந்து ஞாயிறுகள் வரிசைக்குப் போகாமல் கோயில் வாங்கிலேயே இருந்துவிட்டேன். மனதில் பகை உள்ளவன்தானே நன்மை வாங்காமல் இருப்பான், அதனால் காணி எல்லைக்காக மெல்ரொன் மாமாவோடு எனக்குக் கோபம் என்று ஊரில் கதை கிளம்பியது. அவரும் அதை நம்பி, ஒரு கோர்வை மீனுடன் வந்து "அத்தான், நான் என்ன பிழை விட்டனான்" என்று வாசலில் நின்றார். அம்மாவோ "இஞ்சேருங்கோ, எனக்கும் சொல்லேலாத பாவமோ" என்று கண்ணீர் விட்டார். அப்போதுதான் வாயைத் திறந்து காட்டினேன்.

மறுநாளே மெல்ரொன் என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார். இரத்தம் வந்த நாட்களைக் குறித்த கொப்பியையும் கொண்டுபோனேன். பல்வைத்தியர் ஜெயரூபி உன் வயதுப் பிள்ளை. உடல் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாதிருக்கக் குடிக்கும் குளிசையும் பிறஷர் குளிசையும் சேர்ந்து முரசை வளர்க்குமாம், நோயெதிர்ப்பு குறைவதால் நாக்கில் பூஞ்சணமும் பிடிக்குமாம். "ஐயா, தீட்டாமல் விட்டதுதான் கூட்டிப்போட்டுது, ஆனா பயத்தில கிட்னிக் குளிசையை நிப்பாட்டிப்போடாதேங்கோ" என்றார். என் சிறுநீரகக் கிளினிக்கோடு கதைத்துவிட்டே பல்லைத் துப்புரவாக்கினார், நாக்குக்கு மருந்தும் மெல்லிய பிரஷும் தந்தார். கிளினிக்கில் பிறஷர் குளிசையை மாற்றினார்கள். இரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. உன் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது, மகள். முரசு இறங்க மாதங்கள் செல்லும், இறங்காவிட்டால் கொஞ்சம் வெட்டவேண்டுமாம். அதற்கும் பயம்தான், ஆனாலும் போவேன்.

வெள்ளை போய்விட்டது. இன்று வரிசையில் நின்று நாக்கை நீட்டினேன். திரும்பும்போது மெல்ரொன் காதுக்குள் "அப்ப எல்லைப் பிரச்சினை முடிஞ்சுதோ, அத்தான்" என்றார். கோயிலுக்குள்ளேயே பல் தெரியச் சிரித்துவிட்டேன்.

நீயும் ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருக்கிறாய், வருடப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. முடிவை உள்ளபடி எழுது, தொதல் என்று சொல்லாதே.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கும்
அப்பா,
கொன்ஸ்ரன்ரைன்