மாமா பெயரில் ஓர் ஓடை

பிப்ரவரி 11, செவ்வாய்

மழை. வாரியா நதி கலங்கிக் கிடக்கிறது. இந்தத் தண்ணீரில் தங்கம் அரிக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனது நானும் என் மடமையும் மட்டும்தான். மதியம்வரை மண்ணை அரித்ததில் தங்கம் என்று சொல்லிக்கொள்ளச் சில பொட்டுகள். வெள்ளை மணல் மட்டும் தாராளம். வெள்ளியைப்போல் மின்னும், தங்கத்துக்குச் சளைக்காத கனத்தோடு தட்டின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், எவனும் வாங்க மாட்டான். தங்கத்தைப் பிடிக்கும் பாதரசம்கூட அதைத் தொடுவதில்லை.

தங்கம் வாங்குகிற கிசா வெள்ளைக் குருணைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி ஒதுக்கிவிட்டு, "மறுபடியும் உன் வெள்ளைக் குப்பையா? என் தராசை ஏமாத்தப் பாக்கறியா?" என்றான்.

நான் ஏமாற்றத் தெரிந்தவனாக இருந்தால் இப்படியா இருப்பேன். வழக்கம்போல மிச்சத்தைப் பன்றிப்பட்டி வேலியோரம் கொட்டினேன்.

பிப்ரவரி 15, சனி

விமான ஓடுதளத்தின் மேட்டில் ஏறி நின்றால்தான் எங்கள் ஊரில் போன் எடுக்கும். இன்று ஏறினேன். தபிதா தலைநகர் மோர்ஸ்பியிலிருந்து பேசினாள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். கல்லைப் படிக்கிறாள். கல்லைத் தூக்கி எறிய மட்டுமே தெரிந்தவனுக்கு இப்படி ஒரு மகள்.

"அப்பா, அந்த வெள்ளை மணல் இன்னும் வருதா?"

"அது வராம? உங்கப்பனுக்கு வர்றதே அதுதான்."

"அந்தக் குருணைக்குள்ள, ஊசி முனையைவிடச் சின்னதா இன்னொரு தாது இருக்கும்பா. ருத்தீனியமும் ஆர்செனிக்கும் சேர்ந்தது. ருத்தீனார்சினைட்னு பேரு. உலகத்துல முதமுதல்ல நம்ம நதி மணல்லதான் கண்டுபிடிச்சாங்க. ஐம்பது வருஷம் முன்னாடி."

"நம்ம ஊர்லயா? யாரு?"

"கனடாவுல உக்காந்து பாத்தாங்க. மணலை எடுத்துட்டுப் போயி."

"அப்ப நம்மாளு எவனும் பாக்கலையா?"

"நான் பாக்கப்போறேன்."

அந்த மேட்டிலேயே ஒரு குதி குதித்தேன். வயது நாற்பத்தெட்டு.

இதுதான் அவளுடைய கடைசி வருஷ ஆய்வு. மார்ச் நடுவில் அவள் ஆசிரியர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு மெஷினுக்குக் குருணைகளை அனுப்புகிறார். அதற்குள் நம் மணல் அவளிடம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தாலும் உள்ளே அந்தத் தாது இருக்க வேண்டும். இல்லையென்றால் ரோட்டுக்குப் போடும் ஜல்லியைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டாராம். "ஜல்லியைப் பத்தி எழுத எனக்குப் பிடிக்கலைப்பா" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. தபிதா சின்ன வயதிலும் அழ மாட்டாள், குரலை மட்டும் இறக்குவாள். அது அழுகையைவிட மோசம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மனைவி செலாவிடம் ஆர்செனிக் பற்றி விளக்கினேன். படித்த மகளைப் பெற்றவன் இல்லையா, கொஞ்சம் விரிவாகவே.

"எலிக்கு வைக்கிற விஷமா?"

"அதே சரக்குதான். ஆனா கல்லுக்குள்ள அடைஞ்சு கிடக்கு, ஒண்ணும் செய்யாது."

"கிழங்குக் கூடைக்குப் பக்கத்துல ஒரு போத்தல் வெள்ளை மணல் வச்சிருந்தியே, அது?"

"அதேதான்."

போத்தல் ஜன்னல் வழியாகப் போனது. நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன். நன்றி ஆண்டவரே.

பிப்ரவரி 18, செவ்வாய்

வெள்ளை மணல் தேடி நதிக்குப் போவானேன்? வருஷக்கணக்காகக் கொட்டியது எல்லாம் பட்டி வேலியோரம்தானே இருக்கிறது. மூளைக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, காலையிலேயே வேலியடியில் சேற்றைத் தோண்டித் தட்டில் போட்டு அரிக்க ஆரம்பித்தேன். செலாவின் தம்பி கிதியோன் அந்தப் பக்கமாகப் போனான். நின்றான்.

"மச்சான், பன்னிச் சாணியில என்ன அரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

இந்த 'ஒண்ணுமில்ல'தான் தப்பு. தட்டோடு நிற்கிறவன் 'ஒண்ணுமில்ல' என்றால் எங்கள் ஊரில் அர்த்தம் வேறு. மத்தியானத்துக்குள் பாதி ஊர் தட்டோடு வந்துவிட்டது. பாஸ்டரின் மனைவி ஒரு வாணலியோடு. "தங்கம் இல்லைங்க, வெள்ளைக் குப்பைதான்" என்று கெஞ்சினேன். "குப்பையைத் தேடியா முட்டி வரைக்கும் சாணியில நிக்கறே?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

வேலி சாய்ந்தது. பன்றிகள் எல்லாம் காட்டுக்கு. எங்கள் பெரிய பெட்டைப் பன்றி மிஸிஸ் மட்டும் ஓடவில்லை. ஒரு சீமாட்டிபோல நடந்து போனது.

பிப்ரவரி 22, சனி

இதை எப்படி எழுதுவது.

வெள்ளைக் குருணை ஒரு ஜாடி சேர்ந்துவிட்டது. சந்தை நாள், ஊரே ஓடுதளத்தருகே. மேட்டில் ஏறித் தபிதாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"எந்த ஓடையில எடுத்ததுப்பா?"

"எல்லா ஓடையும்தான். பன்னிப்பட்டில இருந்து."

"அப்பா, கலப்பு ஆகாது. ஒரே ஓடை வேணும். எந்த ஓடைன்னு பேர் தெரியணும். எதுல இது அதிகம் வரும்?"

இங்கேதான் சனி பிடித்தது. வெள்ளை மணல் அள்ள அள்ள வருவது ஒரே ஓடையில்தான். அது என் மாமனாரின் நிலத்தில் ஓடுகிறது. இளவயதில் அவர்தான் அதில் முதலில் தங்கம் எடுத்தார், அதனால் அவர் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். கல்யாணமான நாள் முதல் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. மாமனார் பெயரைச் சொன்ன மருமகனுக்கு எங்களில் முகம் கிடையாது. நான் எப்போதும் 'பாறைக்கு அந்தப் பக்கம்' என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். ஊருக்கும் தெரியும், சிரித்துக்கொள்வார்கள்.

"உங்கம்மாவைப் பெத்தவரோடது" என்றேன்.

"கேக்கலைப்பா, விட்டு விட்டு வருது. யாரோடது?"

"பாறைக்கு அந்தப் பக்கம்."

"எந்தப் பாறை? அப்பா, சார் பக்கத்துல மேப்போட நிக்கறாரு. சீக்கிரம். பேட்டரி போகப்போகுது."

"அதுதான்மா, பெரியவரோட… உனக்குத் தெரியும்."

"கேக்கலை. சத்தமா. பேரை மட்டும் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். சத்தமாக. மலை வாங்கித் திருப்பித் தரும் அளவுக்குச் சத்தமாக. மலை திருப்பியும் தந்தது.

சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாக்குக் கடையில் மாமா நின்றுகொண்டிருந்தார். சுண்ணாம்புக் குச்சி வாய்க்குப் பாதி வழியில் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு விமானம்கூட வரவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. செலா போனாள். திரும்பி வந்தாள். சமையல்கட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றவளின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 26, புதன்

கிதியோன் தீர்ப்பைக் கொண்டுவந்தான். முகத்தை இழவு வீட்டுக்காரன்போல வைத்துக்கொண்டு.

"அப்பா சொல்லச் சொன்னார். அவமானம் தீர்ற வரைக்கும் ஓடைப் பக்கம் உங்க காலு படக் கூடாது. அபராதமா அரைகுறைப் பன்னியெல்லாம் வாங்க மாட்டாராம். மிஸிஸ்தான் வேணுமாம்."

"மிஸிஸ் எங்க இருக்குன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். காட்டுல. நாந்தானே வேலியைச் சாய்ச்சேன்."

அப்போதுதான் அவன் முகம் உடைந்தது. இருவரும் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு தேதி நினைவுக்கு வந்தது. மார்ச் 13 வியாழன் விமானத்தில் மணல் பை ஏறவில்லை என்றால் தபிதாவுக்கு ஜல்லிதான். என் வாயால் வந்தது. அந்தக் குரல் இறங்குவதை இன்னொரு தரம் கேட்க என்னால் முடியாது.

மார்ச் 1, சனி

மிஸிஸ் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

மிஸிஸைப் பார்த்தேன். அது என்னையும் பார்த்தது. போய்விட்டது. விழுந்ததில் முட்டி பெயர்ந்தது; எனக்கு.

மார்ச் 6, வியாழன்

கிடைத்துவிட்டது. காட்டில் அல்ல. இத்தனை நாளும் மாமாவின் சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் இருந்து ஒரு பாத்தி முழுக்கத் தின்று தீர்த்திருக்கிறது. அவருக்குத் தெரியாதாம். செலா சொல்கிறாள்: "அவருக்குத் தெரியாம அந்தத் தோட்டத்துல ஒரு வெட்டுக்கிளி உக்காராது." அப்படியானால் நான் மலை மலையாக ஏறி இறங்கியதை அந்த மனிதர் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டா இருந்தார்?

மார்ச் 8, சனி

குழி வெட்டி, கல் காய்ச்சி, வாழை இலை மூடி மிஸிஸை வேகவைத்தோம். தின்ற பாத்திக்கும் சேர்த்து அரிசி மூட்டை ஒன்று, டின் மீன் ஒரு பெட்டி. எல்லாவற்றையும் மாமா முன்னால் வைத்துத் தலையைக் குனிந்து நின்றேன். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு துண்டை எடுத்து மென்றார். நெடுநேரம் மென்றார்.

"குரல் நல்ல குரல் மாப்பிள்ளை" என்றார். "மேல் ஊர்ல இருக்கற என் தங்கச்சி, யாரோ என்னைக் கூப்பிடறாங்கன்னு எறங்கி வந்துட்டா."

ஊர் உருண்டு உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? ஓடை திறந்தது.

மார்ச் 10, திங்கள்

பாறைக்கு அந்தப் பக்கம் போனோம். தட்டைச் செலா வாங்கிக்கொண்டாள். "எங்கப்பன் ஓடை. நீ கரையில நில்லு. வாயை மூடிட்டு நில்லு." அவள் தட்டைச் சுற்றும்போது தண்ணீர் ஒரு பக்கமாகக் கிறங்கி வழிகிறது, கருமணல் பிறைபோல ஒதுங்க, அதன் நுனியில் வெள்ளைக் குருணைகள். சில தகடுபோல ஆறு மூலையோடு. என்னால் கரையில் நிற்க முடியவில்லை, இறங்கினேன், வழுக்கினேன், ஒரு தட்டு முழுக்க ஓடையோடு போனது. செலா சொன்னதை எழுத மாட்டேன்.

மாலைக்குள் பை நிறைந்தது. மருந்துப் புட்டியின் மூடி அளவுப் பைதான். பையின்மேல் ஓடையின் பெயரைச் செலாதான் எழுதினாள்.

மார்ச் 13, வியாழன்

விமானம் வந்தது. பை போனது. பைலட்டிடம் ஆர்செனிக் என்ற சொல்லை எடுக்காதே என்று செலா என் கையைக் கிள்ளிக்கொண்டே நின்றாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒன்றும் தெரியவில்லை. மாமா தினமும் கிதியோனை அனுப்பி, "என் ஓடை பாஸாச்சா?" என்று கேட்கிறார்.

மே 31, சனி

மேடு. போன் எடுத்தது. பதினான்கு குருணைகளை அறுத்து மெருகேற்றிப் பார்த்தார்களாம், பதின்மூன்றில் ஒன்றுமில்லையாம். அவள் குரல் இறங்கியே இருந்தது. ஜல்லியும் நல்ல பொருள்தான் என்று சொல்லலாமா, ஜல்லி இல்லாமல் ரோடு ஏது என்று சொல்லலாமா—

"அப்பா, பதினாலாவதைக் கேக்க மாட்டீங்களா?"

கழுதை. என் மகள்தான்.

"அதுல இருக்குப்பா. குருணைக்குள்ள ஒரு ஓரமா. வெளிச்சத்துல லேசா ஆரஞ்சு கலந்த பழுப்பு. ருத்தீனியம், ஆர்செனிக், கொஞ்சம் நிக்கல். தலைமுடியைக் குறுக்க வெட்டினா எவ்வளவு வருமோ, அதுல பாதிகூட இல்லை. நான் பாத்தேன்ப்பா."

நான் என்ன செய்தேன் என்று எழுதினால் பாஸ்டர் கூப்பிட்டுப் பேசுவார். ஓடுதளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடினேன் என்று மட்டும் வைத்துக்கொள்கிறேன். கத்தவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டே ஓடினேன்.

நவம்பர் 29, சனி

தபிதா வந்துவிட்டாள், தேறிவிட்டாள். தடித்த அட்டை போட்ட அவள் ஆய்வுப் புத்தகத்தோடு வந்திருக்கிறாள். சாப்பாடு முடிந்ததும் மாமா என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"படி மாப்பிள்ளை."

"தபிதா படிக்கட்டும் மாமா, எனக்கு ஆறாங்கிளாஸ் இங்கிலீஷ்."

"நீதான் படிக்கணும்."

அட்டையைப் பார்த்தேன். தலைப்பிலேயே இருக்கிறது. வாரியா நதியின் கிளையான, அந்த ஓடையில், ருத்தீனார்சினைட் என்னும் தாது. 'கிளையான' வரை வந்து நின்றேன். இருமினேன். செலா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள், தோள் குலுங்கியது.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, தம் பெயரைத் தாமே சொன்னார்.

"ம். மேல போ."

போனேன். நான் வாக்கியத்தைச் சொல்ல, இடம் வந்ததும் நிறுத்த, அவர் பெயரைச் சொல்ல, நான் தொடர. பக்கத்துக்கு நான்கைந்து தரம் வருகிறது. ஒவ்வொரு தரமும் முந்தின தரத்தைவிடக் கொஞ்சம் கம்பீரமாகச் சொன்னார்.

"இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?"

"எழுபதுக்கு மேல மாமா."

காலை நீட்டி, சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அவசரம் இல்லை. நிதானமாப் படி."