தொடாமல் விட்ட இடம்

மார்ச் 4

ஒலிப்பதிவாளர் இன்று இரண்டு முறை வாசிப்பை நிறுத்தினார். “என்ன மேடம், வார்த்தையில காத்து கலக்குதே, சளியா?” என்று கேட்டார். தொண்டை வறட்சி என்றேன். கீழ்வரிசை முன்பல் ஒன்று நாக்கு பட்டால் அசைகிறது என்று சொல்லவில்லை. ஆறு பாக நாவல், இன்னும் இரண்டாம் பாகமே முடியவில்லை. பிறர் எழுதியதை ஒலிநூலுக்காக வாசித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வாயில் கோளாறு என்று நானே எப்படிச் சொல்ல?

மார்ச் 5

அசைகிறது. இல்லை, என் நாக்குதான் தள்ளித் தள்ளிப் பார்க்கிறது. இல்லை — அசைகிறது.

மார்ச் 9

ஒரு வருடம் முன்பு, பல் துலக்கித் துப்பியதில் சிவப்பைக் கண்டு அம்மாவிடம் ஓடினேன். “ரத்தம் வர்ற இடத்த நோண்டாதடி. விட்டுடு, தானா ஆறிடும்” என்றாள். புண் என்றால் அப்படித்தானே? அன்றிலிருந்து பிரஷ் அந்த இடம் வந்ததும் தாண்டிப் போய்விடும்.

அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயதிலேயே பல்செட். “நம்ம வம்சத்துல பல்லு நிக்காது” என்பாள், வெயிலடிக்கிறது என்று சொல்வதுபோல. எனக்கு இருபத்தெட்டு.

மார்ச் 14

பயந்தவர்களைப் பற்றி எத்தனை பக்கம் படித்திருப்பேன்! போருக்குப் பயந்தவர்கள், கடலுக்கு, கணவனுக்கு. ஆப்பிளுக்குப் பயந்தவளை எங்கும் பார்த்ததில்லை. மதியம் அதை மெல்லிய துண்டுகளாக நறுக்கிக்கொண்டிருந்தேன். “யாருக்கு மேடம், கைக்குழந்தைக்கா?” என்றார் ஒலிப்பதிவாளர். வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். எப்போதிருந்து இப்படிச் சிரிக்கிறேன்?

மார்ச் 21

பல் மருத்துவரிடம் போய்விட்டேன். மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு ஆழம் அளந்து, மில்லிமீட்டர் கணக்கைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று, மூன்று, எட்டு. மூன்று வரை சரியாம். எட்டு, அந்த ஆடும் பல்லில்.

“இந்த எடத்துல மட்டும் துலக்கறதே இல்லையா?”

“ரத்தம் வந்துச்சு டாக்டர், அதனால—”

“அழுக்கு தங்கினதாலதான்மா ரத்தமே வந்துச்சு. மெதுவா, ஆனா நல்லா துலக்கணும். நீங்க விட்டுட்டீங்க, உள்ள எலும்பு கரைஞ்சுடுச்சு.”

“எங்க வம்சமே இப்படித்தான்னு அம்மா சொல்வாங்க.”

“கொஞ்சம் வம்சம். மீதி பிரஷ்.” ஈறுக்கடியில் சுரண்டிச் சுத்தம் செய்தார். “மத்த பல்லெல்லாம் உங்க கையிலதான் இருக்கு. இந்த ஆடுற பல்ல மூணு மாசம் பாப்போம்.”

மார்ச் 22

“டாக்டரு என்னடி சொன்னாரு, வாயாடி?” என்றாள் அம்மா.

நீ சொன்னதைக் கேட்டுத்தான் இப்படி ஆனது என்று அவளிடம் சொல்வதா? அவள் தன் பற்களையும் அப்படித்தானே விட்டிருப்பாள்? அவளுக்கு எடுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்?

“ஒழுங்கா துலக்கணுமாம்.”

“இதச் சொல்லவா அவரு? நான் தினமும் துலக்குறேனே!”

“எத, டம்ளர்ல கெடக்கறதயா?”

அவள்தான் அதிகம் சிரித்தாள்.

ஏப்ரல் 2

காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் சாய்த்து, சின்னச் சின்ன அசைவாகத் துலக்குகிறேன். பிறகு பல்லிடுக்கில் நூல். இன்றும் சிவப்பு. ஆடும் பல்லுக்குப் பக்கத்தில் நூல் மாட்டிக்கொண்டது. இழுத்தா பல்லும் கூடவே வந்துடுமே, ஐயோ, என்ன பண்ணுவேன்? வாயைத் திறந்தபடியே நின்றேன். வெளியே அம்மா, “உள்ள தூங்கிட்டியா?” என்று கதவைத் தட்டினாள். பதில் சொல்லவும் வாய் இல்லை. கடைசியில் ஒரு முனையை விட்டுவிட்டு மற்றதைப் பக்கவாட்டில் மெல்ல உருவினேன். பல் இருந்தது.

ஏப்ரல் 19

துப்பியதில் வெறும் வெள்ளை நுரை. நம்பாமல் மறுபடி துலக்கினேன்.

மே 30

ஈறு இறுகியிருக்கிறது. அந்தப் பல் மட்டும் இன்னும் ஆடுகிறது. விடாமல் துலக்குகிறேன். இனி எதற்கு என்று கேட்டுக்கொள்ளவும் பயம்.

ஜூன் 24

பல்லை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் இருப்பவை ஆடவில்லை. அளந்ததில் எல்லாம் மூன்றுக்குள். பல் போன இடைவெளியில் வார்த்தை நழுவுகிறது; நாவலின் கடைசி இரண்டு பாகங்களை வேறொரு பெண் வாசிக்கிறாள்.